இரண்டு கண்ணுக்கும் ஒவ்வொரு சொட்டு

அத்தியாயம் ஒன்பது

வடிவம்மாவின் காலில் கொதிகஞ்சி கொட்டிய விஷயம் ஜெயபுரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஏன் கொட்டியது என்பது வீட்டிலிருந்த மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்.

பானையை இறக்கி வைக்கும்போது, கல் இருக்கிறதென்று நினைத்து, கல் இல்லாத இடத்தில் வைத்தாள். மகள் சிவலட்சுமி ஓடிவந்து கேட்டபோது முதலில் புகை என்றாள். பிறகு இருட்டு என்றாள். உச்சி வெயில் குசினி வாசலில் விழுந்து கிடக்கும்போது எங்கே இருக்கிறது இருட்டு? மகள் விடாமல் கேட்டதில் கடைசியாக உண்மை வந்தது.

"நாலஞ்சு மாசமாவே சரியாத் தெரியல பாப்பா. அப்பாகிட்ட சொல்லாத."

மகள் சொல்லிவிட்டாள். அது போன வாரம். ஐந்து நாள் கழித்து, 1986 பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், விடிந்தும் விடியாத நேரத்தில் மூன்று பேரும் யாழ்ப்பாணம் போவதற்காக ரோட்டுக்கரையில் நின்றார்கள்.

கதையின் நடுவில் வந்து சேர்ந்த வாசகருக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். வடிவம்மாவின் வலது கண்ணுக்குள் இருப்பது அவளோடு பிறந்த வில்லை அல்ல. ஐந்து வருஷத்துக்கு முன்னால், அவர்கள் மலைநாட்டில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது, வெளிநாட்டு டாக்டர்கள் வந்து கண் முகாம் போட்டார்கள். புரை விழுந்த கண்ணைத் திறந்து, புரையை எடுத்துவிட்டு, உள்ளே பிளாஸ்டிக்கில் ஒரு வில்லையை வைத்துத் தைத்தார்கள். கட்டை அவிழ்த்த காலையில் அவள் முதலில் கண்டது கணவன் மாயாண்டியின் முகத்தை.

"உங்களுக்கு எப்பங்க இவ்வளவு நரைச்சது?" என்று கேட்டாளாம்.

தேயிலை ஃபாக்டரியில் இருபத்தாறு வருஷம் மெசினோடு மெசினாக நின்ற மனிதர், ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி அட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். இடது கண்ணிலும் புரை தொடங்கியிருக்கிறது, முற்றியபிறகு அதையும் செய்யலாம் என்றார்கள். இரண்டு வருஷம் ஒழுங்காகப் போனார்கள். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அவர்கள் குடியிருந்த லயம் எரிந்தது. அட்டையும் எரிந்தது. கட்டிய துணியோடு வன்னிக்கு வந்து, அகதி முகாமில் கிடந்து, ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடிசை போட்டார்கள்.

முகாமில் இருக்கும்போது கண் சிவந்து வலித்தது. அங்கே வந்துபோன ஒரு டாக்டர் சின்னக் குப்பியில் சொட்டு மருந்து கொடுத்தார். இரண்டு வாரம் விடுங்கள், திரும்ப வந்து பார்க்கிறேன் என்றார். மூன்றாம் நாளே சிவப்பு போய்விட்டது. டாக்டர் திரும்ப வரவில்லை. மருந்தை நிறுத்தியதும் சிவப்பு வந்தது. மாயாண்டி வெறும் குப்பியை எடுத்துக்கொண்டு கிளிநொச்சியில் ஒரு மருந்துக்கடைக்குப் போய்க் காட்டினார். கடைக்காரர் பெயரை வாசித்துப் பார்த்து அதே மருந்தைக் கொடுத்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து இரண்டரை வருஷம். மாதம் ஒரு முறை விடியற்காலையில் சைக்கிளில் புறப்பட்டு, கிளிநொச்சிக்குப் போய், உச்சி வெயிலில் திரும்பி வந்தார். மழைக்காலத்தில் ரோடு வெட்டுண்டு போனபோது சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். மருந்து ஒருநாளும் தீர்ந்து நின்றதில்லை.

விடுவதும் அவர்தான். காலையும் மாலையும் வடிவம்மா கதவு நிலையில் சாய்ந்து முகத்தை நிமிர்த்துவாள். அவர் இமையைக் கீழே இழுத்து, "மேல பாரு" என்பார். வலது கண்ணில் ஒரு சொட்டு. பிறகு இடது கண்ணிலும் ஒரு சொட்டு. இடது கண்ணுக்கு விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. புரை விழுந்த கண்தானே, அதற்கும் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அவராகவே தொடங்கினார். முப்பது வருஷக் குடித்தனத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் அவ்வளவு கிட்டத்தில் பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்வது அந்த நேரத்தில்தான்.

"தெளிவா இருக்கா?" என்று கேட்பார்.

"இருக்குங்க" என்பாள்.

அவள் அந்த ஒரு சொல்லை மாற்ற விரும்பவில்லை. அதனால்தான் விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிந்தபோதும் சொல்லவில்லை. வலப்பக்கம் நின்ற மாடு தெரியாமல் அதன்மேல் மோதியபோதும் சொல்லவில்லை.

*

சங்குப்பிட்டித் துறையில் ஆட்களை அக்கரை சேர்க்கும் பாதைப்படகு அன்று ஓடவில்லை. பரந்தனுக்குச் சுற்றிப் போய், வேறு பஸ் பிடித்து, ஆனையிறவு வழியாகப் போக வேண்டியதாயிற்று.

ஆனையிறவுச் சோதனைச்சாவடியில் இராணுவம் எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டது. இரண்டு பக்கமும் உப்பளம். உப்பு வெள்ளையும் தண்ணீர் வெள்ளையும் ஒன்றாகச் சேர்ந்து கண்ணைக் குத்தின. வடிவம்மா முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். ஒரு கையை மாயாண்டி பிடித்திருந்தார். மறுகை சிவலட்சுமியிடம். காலில் புண்ணுக்குக் கட்டிய சீலைத்துண்டு மண்ணில் இழுபட்டது.

வரிசையின் முடிவில் நின்ற இளம் சிப்பாய் அவர்களை நிறுத்தினான். ஏன் இருபக்கமும் பிடித்துக்கொண்டு போகிறீர்கள், முந்தானைக்குள் என்ன என்று கேட்டான். மாயாண்டிக்குத் தோட்டத்தில் பழகிய சிங்களம் இருந்தது. மனைவிக்குக் கண் நோய், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று பணிவாகச் சொன்னார்.

சிப்பாய் நம்பவில்லை. முந்தானையை விலக்கச் சொன்னான். வடிவம்மா விலக்கினாள். கண்கள் இரண்டும் திறந்தே இருந்தன. வலது கண் பார்ப்பதற்கு நல்ல கண் போலவே இருந்தது. சிவப்புகூட இல்லை.

அவன் சட்டென்று கையை ஓங்கி, விரல்களை அவளுடைய வலது கண்ணுக்கு நேராகக் குத்துவது போலக் கொண்டுவந்து, இமைக்கு ஓர் அங்குலம் முன்னால் நிறுத்தினான்.

வடிவம்மா இமைக்கவில்லை. விரல் வந்தது அவளுக்குத் தெரியாது. பேசாமல் நிற்கிறானே, போகச் சொல்வானா மாட்டானா என்று காத்துக்கொண்டு நின்றாள்.

சிப்பாய் கையை இறக்கினான். அவனுடைய முகத்தில் இருந்த கடுமை குழம்பிப்போயிற்று. போங்கள் என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தான்.

சிவலட்சுமி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சரியாகத் தெரியவில்லை என்று மகள் சொன்னபோது அவர் அதை மங்கல் என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தார். வயசானால் எல்லாருக்கும் வருகிற மங்கல். இப்போது அவர் மனைவியின் கையை இறுகப் பிடித்தார். பஸ்ஸில் ஏறியபிறகும் அவர் மனைவியின் கையை விடவில்லை.

"என்னங்க, அவன் என்ன செஞ்சான்?" என்று வடிவம்மா கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்றார்.

*

ஆஸ்பத்திரியில் கண் கிளினிக்குக்கு வெளியே உட்காரும் வாங்குகள் நிறைந்திருந்தன. ஆனையிறவில் போன நேரத்தால் நம்பர் கொடுத்து முடிந்துவிட்டது. சிவலட்சுமி நர்ஸிடம் தாங்கள் எங்கேயிருந்து வருகிறோம் என்று சொன்னாள். நர்ஸ் வடிவம்மாவின் காலையும் கண்ணையும் பார்த்துவிட்டு, கடைசி ஆளாக இருத்தினாள். நோயாளியோடு ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றாள்.

மாயாண்டி எழுந்தார். பிறகு மகளைப் பார்த்து, "நீ போ பாப்பா. படிச்ச புள்ள. அவரு சொல்றது உனக்கு வெளங்கும்" என்று மருந்துக் குப்பியை அவள் கையில் கொடுத்தார்.

டாக்டர் சிற்றம்பலம் அறுபதை நெருங்கிய மனிதர். காலையிலிருந்து நூறு கண்ணுக்குமேல் பார்த்த களைப்பு குரலில் இருந்தது. ஆனாலும் அவசரப்படவில்லை. கண்ணை மரக்கப் பண்ணும் மருந்து விட்டு, வடிவம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்து, முள்ளோடு கூடிய ஒரு சின்ன உலோகக் கருவியை வலது விழியின்மேல் மெல்ல நிறுத்தினார். முள் காட்டிய எண்ணைப் பார்த்தார். மறுபடியும் வைத்துப் பார்த்தார். இடது விழியின்மேலும் வைத்தார். பிறகு லைட்டை இருட்டறையில் கண்ணுக்குள் பாய்ச்சி, முகத்தோடு முகம் முட்டுகிற அளவுக்குக் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

வில்லை எங்கே வைத்தது, எந்த வருஷம் என்று கேட்டார். சிவலட்சுமி சொன்னாள். அதற்குப் பிறகு யார் பார்த்தார்கள் என்று கேட்டார். யாருமில்லை என்றாள். குப்பியை எடுத்து மேசையில் வைத்தாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குப்பியின் பெயரை வாசித்தார்.

"இது எத்தினை நாளாய் விடுறியள்?"

"ரெண்டரை வருசம், ஐயா."

"ஒரு நாளைக்கு?"

"ரெண்டு தரம்."

"எந்தக் கண்ணுக்கு?"

"ரெண்டுக்கும்."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

"பிள்ளை, நான் சொல்லுறதை நல்லாய்க் கேளும். இது கூடாத மருந்து இல்லை. சிவப்பை எடுக்கும், நோவை எடுக்கும். ஆனால் கனகாலம் விட்டால் சிலபேருக்குக் கண்ணுக்குள்ளை அமுக்கம் ஏறும். ஏறுறது தெரியாது. கண் வெள்ளையாய், வடிவாய்த்தான் இருக்கும். உள்ளுக்கு நரம்பு சாகும்."

அந்த வில்லை கருவிழிக்குப் பின்னால் சரியாகப் பொருந்தாமல் உரசிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் சிவப்பு திரும்பத் திரும்ப வந்தது என்று விளக்கினார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை யாராவது அமுக்கத்தை அளந்து பார்த்திருந்தால் மருந்தை மாற்றியிருப்பார்கள். வேண்டுமானால் வில்லையையே எடுத்திருப்பார்கள். அவர் அதைச் சொல்லும்போது யாரையும் குறை சொல்லும் தொனி இல்லை. யாரைச் சொல்வது? மலைநாட்டு ஆஸ்பத்திரிக்கும் ஜெயபுரத்துக்கும் நடுவில் எரிந்துபோன ஒரு நாடே கிடந்தது.

"வலது கண்?" என்று சிவலட்சுமி கேட்டாள்.

"அது முடிஞ்சுது, பிள்ளை. ஓரத்திலை கொஞ்சம் வெளிச்சம் தெரியும். அதுவும் கனநாளைக்கு நில்லாது."

கட்டிலில் படுத்திருந்த வடிவம்மா அசையவில்லை. அவளுக்கும் கேட்கிறது என்பது டாக்டருக்குத் தெரியும். அதனால் அடுத்ததை அவளைப் பார்த்தே சொன்னார். இடது கண்ணிலும் அமுக்கம் ஏறியிருக்கிறது. ஆனால் லைட் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று மூன்று பக்கத்துக்கு அவள் சரியாகச் சொல்கிறாள். புரைக்குப் பின்னால் நரம்பில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறது. இரண்டு வாரம் புதுச் சொட்டு மருந்தும், விழுங்கக் குளிசையும் போட்டு அமுக்கத்தை இறக்க வேண்டும். பிறகு புரையை எடுக்கலாம். இந்தமுறை உள்ளே வில்லை வைப்பதில்லை, தடித்த கண்ணாடிதான். அடுத்த மாதம் ஏழாந்தேதி வந்து வார்ட்டில் சேர வேண்டும்.

"பழைய மருந்து இனி ஒரு சொட்டும் விடக்கூடாது. அதை நிப்பாட்டினால் கண் சிவக்கும், நோகும். பயந்து திருப்பி விட்டுடாதேங்கோ. விட்டால் இந்தக் கண்ணும் போகும். விளங்குதா அம்மா?"

"வெளங்குதுங்க" என்றாள் வடிவம்மா.

டாக்டர் குப்பியைக் குப்பை வாளியில் போட்டார். எழுதும்போது, யார் மருந்து விட்டது என்று கேட்டார். அப்பா என்று சிவலட்சுமி சொன்னாள். அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, எழுதுவதைத் தொடர்ந்தார்.

*

வெளியே வருவதற்கு முன்னால், இருட்டறைக்கும் வாசலுக்கும் நடுவிலிருந்த ஒடுங்கிய இடத்தில் வடிவம்மா நின்றுவிட்டாள். மகளின் கையைத் தேடிப் பிடித்தாள்.

"அப்பாகிட்ட வில்லையாலதான்னு சொல்லு."

"அம்மா..."

"வில்லையும்தானே காரணம். பொய்யில்லையே."

"மருந்த நிறுத்தணும்னா காரணம் கேப்பாரு."

"புது மருந்து குடுத்திருக்காங்க, பழசு வேணாம்னு சொல்லு. போதும்." அவள் பிடி இறுகியது. "கண்ணு என்னோடது பாப்பா. போச்சு. அவரு செஞ்சதுன்னு தெரிஞ்சா அந்த மனுசன் மிஞ்ச மாட்டாரு. என் தலையில அடிச்சுச் சொல்லு, சொல்ல மாட்டேன்னு."

சிவலட்சுமி அடித்துச் சொன்னாள். அவளுக்கும் ஒரு காரணம் இருந்தது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் இங்கிலீஸ் கடுதாசியை அவள் ஒருமுறை வாசித்திருக்கிறாள். எல்லாம் விளங்கவில்லை. டாக்டரின் ஆலோசனை இல்லாமல் நீண்டகாலம் பாவிக்கக் கூடாது என்ற ஒரு வரி மட்டும் விளங்கியது. அப்பாவுக்குத் தெரியாததா என்று நினைத்துக் கடுதாசியை மடித்து வைத்துவிட்டாள். அதை அவள் டாக்டரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை.

வாங்கில் மாயாண்டி சோற்றுப் பார்சலை மடியில் வைத்தபடி இருந்தார். பிரிக்கவில்லை. மகள் சொன்னதை முழுதாகக் கேட்டார். வலது கண் போய்விட்டது என்றபோது தலையைக் குனிந்தார். இடது கண்ணுக்கு ஏழாந்தேதி என்றபோது நிமிர்ந்தார். தேதியை இரண்டு முறை திருப்பிக் கேட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் வெளிநாட்டு டாக்டர்களைப் பற்றிப் பேசினார். ஏழைச் சனத்தின் கண் என்றால் எதையும் வைத்துப் பார்க்கலாம் என்று நினைத்துவிட்டார்கள் என்றார். தான் அவர்கள் காலில் விழுந்து கும்பிட்டதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது என்றார். வடிவம்மா, அவர்களும் நல்லதுக்குத்தான் செய்தார்கள் என்று மெதுவாகச் சொன்னாள். அவர் கேட்கவில்லை. பிறகு மகளிடம் சொன்னார்:

"நல்லவேளை, இந்த மருந்தையாவது தவறாம விட்டேன். இல்லாட்டி ரெண்டு கண்ணும் எப்பவோ போயிருக்கும், என்ன பாப்பா?"

சிவலட்சுமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஓம்பா" என்றாள்.

வடிவம்மா கணவனின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். சனத்துக்கு முன்னால் அவள் அப்படிச் செய்ததே இல்லை.

*

வீடு வந்து சேரும்போது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சிவலட்சுமி குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினாள். புது மருந்தை அப்பாவிடம் கொடுத்து, பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு சொட்டு என்று சொல்லிக்கொடுத்திருந்தாள். அவர் அதை விட்டபோது வடிவம்மாவுக்குக் கண் எரிந்தது. முகத்தைச் சுளித்தாள். காலைப் பயண அவசரத்தில் பழைய மருந்து விடவில்லை. கருவி வைத்துப் பார்த்த உறுத்தலும் சேர்ந்து இரண்டு கண்ணும் மிளகாய்ப்பழம் போலச் சிவந்திருந்தன. நெற்றிப்பொட்டு தெறிக்கிறது என்று கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

மாயாண்டி அவளைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ஈரத்துணியை நெற்றியில் போட்டார். எடுத்தார். மறுபடியும் நனைத்துப் போட்டார்.

"புது மருந்து ஒத்துக்கல போலிருக்கே" என்றார்.

"போகப் போகச் சரியாயிரும்பா. சிவக்கும்னு டாக்டரே சொன்னாரு" என்று சிவலட்சுமி உள்ளேயிருந்து சொன்னாள்.

 மாயாண்டி மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையின் பக்கம் போனார். கடந்த தடவை கிளிநொச்சி போனபோது, மழை வந்தால் ரோடு போய்விடும் என்று இரண்டு குப்பி வாங்கியிருந்தார். ஒன்று டாக்டரின் குப்பை வாளியில் கிடந்தது. மற்றது, உடைக்காதது, பானைக்கு அடியில் ஈர மணலுக்குள் குளிர்ச்சியாக இருந்தது. மகளுக்கு அது தெரியாது.

முத்திரையை உடைத்தார். மனைவிக்கு முன்னால் குந்தினார்.

"வடிவு, இந்த எரிச்சல் மட்டும் அடங்கட்டும். பழசுல ஒரே ஒரு சொட்டு. நாளையிலேர்ந்து புதுச விடலாம்."

குசினி வாசலில் விறகோடு நின்ற சிவலட்சுமி குப்பியைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேண்டாம் என்று சொல்லப்போகிறாள், தலையைத் திருப்பப்போகிறாள், ஏதாவது சாட்டுச் சொல்லப்போகிறாள் என்று காத்தாள்.

வடிவம்மாவுக்கும் அது எந்த மருந்து என்று தெரியும்.  அவருடைய கை அவள் கன்னத்தில் பட்டது. அவள் முகத்தை நிமிர்த்தினாள். இடது கண்ணை அகலத் திறந்தாள்.

"மேல பாரு" என்றார் மாயாண்டி.

அவள் மேலே பார்த்தாள்.

"அப்பா, விடாதீங்க."

விறகு கீழே விழுந்தது. மாயாண்டி திரும்பிப் பார்த்தார்.

"பாப்பா" என்றாள் வடிவம்மா. எச்சரிக்கிற குரல்.

"அதுதாம்பா அம்மாவோட கண்ணக் கெடுத்தது. வில்லை மட்டும் இல்ல. அந்த மருந்து. ரெண்டு வாரம் விட வேண்டியத ரெண்டரை வருசம் விட்டிருக்கோம். இன்னும் ஒரு சொட்டு விட்டா இந்தக் கண்ணும் போயிரும்னு டாக்டர் சொன்னாரு."

மாயாண்டி குந்தியபடியே இருந்தார். இமையை இழுத்துப் பிடித்திருந்த விரலை அவர் எடுக்க மறந்துவிட்டார். வடிவம்மாதான் அதைப் பிடித்து மெல்ல இறக்கினாள்.

"ரெண்டு கண்ணையுமா?" என்று கேட்டார்.

சிவலட்சுமி விழுந்த விறகைப் பொறுக்கக் குனிந்தாள்.

"இந்தக் கண்ணுக்கு விடச் சொல்லி யாரும் சொல்லலையே" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. "நானாத்தானே விட்டேன்."

"நல்லதுக்குத்தானேங்க விட்டீங்க" என்றாள் வடிவம்மா.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்குத் தெரியுமா? ஆஸ்பத்திரியிலயே தெரியுமா?"

அவள் தலையாட்டினாள்.

"தெரிஞ்சுமா இப்ப முகத்தத் தூக்கிக் காட்டுன?"

வடிவம்மா கையை நீட்டி அவரைத் தேடினாள். கை அவருடைய தோளுக்கு ஒரு சாண் தள்ளி வெறும் காற்றில் அலைந்தது. அவர் அந்தக் கையைப் பார்த்தார், பிடிக்கவில்லை. குப்பியை நிலத்தில் வைத்தார். முழங்காலில் கை ஊன்றி எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இருவரையும் பாராமல் வெளியே இறங்கினார்.

சிவலட்சுமி குப்பியை எடுத்து மருந்து முழுவதையும் சாம்பலில் ஊற்றினாள்.  அம்மா ஏசுவாள் என்று எதிர்பார்த்தாள். தலையில் அடித்துச் செய்த சத்தியம் ஒருநாள்கூடத் தாங்கவில்லை. ஆனால் வடிவம்மா வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவரு எந்தப் பக்கம் போறாரு? எனக்குத் தெரியல. பாத்துச் சொல்லு."

சிவலட்சுமி வாசலில் வந்து நின்று பார்த்தாள். சைக்கிள் சுவரில் சாத்தியபடியே இருந்தது. அவர் ரோட்டுப் பக்கம் போகவில்லை. கிணற்றடியில் நிற்கவில்லை, வேலிப் படலையைத் திறந்தபடியே விட்டுத் தாண்டி, குளக்கட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையில் நடந்துகொண்டிருந்தார். அந்த நேரத்தில் அங்கே யாருக்கும் வேலை இல்லை. பாதை முழுவதும் மாலை வெயில். துண்டு தோளிலிருந்து நழுவி விழுந்ததையும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"கிணத்தடிக்குத்தாம்மா" என்றாள் சிவலட்சுமி. "முகம் கழுவப் போறாரு."

வடிவம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"வாளிச் சத்தம் கேக்கலையே" என்றாள்.

அதற்குள் சிவலட்சுமி படலையைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள்.